காரணம் எழுத வேண்டிய இடம்

அந்த அட்டையை இரண்டு விரலால்தான் பிடிப்பார்கள். ஒன்பது நாளில் ஏழு மருத்துவமனை ஏறி இறங்கியதில் ஜெஸ்மி கண்டுகொண்ட முதல் விஷயம் அது. ஆதாரைக் கொடுத்தால் முழுக் கையால் வாங்குவார்கள். ஏ.டி.எம். கார்டை நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அரசு காப்பீட்டு அட்டையை எடுத்தால் மட்டும், நாள்பட்ட மீனைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஓரத்தில் பிடித்து, முன்னே ஒரு தடவை பின்னே ஒரு தடவை திருப்பிவிட்டு, "இந்தக் கார்டா?" என்பார்கள்.

ஏழாவது மருத்துவமனையில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணும் அதையேதான் கேட்டாள்.

"இந்தக் கார்டா? ஹார்ட்டுக்கு எடுக்க மாட்டோம் மேடம்."

"உங்க ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கே."

"லிஸ்ட்ல இருக்கும். டாக்டர் எடுக்க மாட்டாரு."

"அப்ப டாக்டரையே பாக்கேன்."

"அவரு செவ்வாய்க்கிழமைதான் வருவாரு. வந்தாலும் இதையேதான் சொல்லுவாரு. நீங்க பணத்தைக் கட்டி ஆபரேஷனை முடிச்சிட்டு, பின்னால க்ளெயிம் போட்டுக்கோங்க."

பின்னால்! கையில் பணம் இருக்கிறவனுக்கு இந்த அட்டை எதற்கு? பசிக்கிறவனிடம், சாப்பிட்டுவிட்டு வா, அப்புறம் சோறு போடுகிறேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜெஸ்மிக்குக் காது சுட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நாற்காலியில் இருந்த அப்பா அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"சத்தம் போடாத பிள்ள. ஆஸ்பத்திரி இது."

அப்பா பெயர் தேவபிரசாதம். நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் கணக்கு எடுத்தவர். வயது எழுபத்துமூன்று. அம்மா போன பிறகு தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் மாடிப்படியில் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் ஆஞ்சியோ எடுத்து, படத்தைத் திருப்பிக் காட்டி, ஒளிக்காமல் சொன்னார். "இடது பக்கத்துப் பெரிய குழாய்லயே அடைப்பு இருக்கு. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான். அதுக்கு இங்க வசதி இல்ல. உங்க கார்டுக்கு லிஸ்ட்ல ஆஸ்பத்திரிகள் இருக்கு, பக்கத்துலயே செய்துக்கலாம். மூணு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க." அந்த மூன்று வாரத்தில்தான் இந்த ஒன்பது நாள் போயிருந்தது.

அட்டை ஒன்றும் சும்மா வந்ததில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக மாதாமாதம் அவர் பென்ஷனில் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் பிடிக்க மறந்தார்களா? மிஷின் ரிப்பேர், சர்வர் வேலை செய்யவில்லை, இந்த மாதம் வேண்டாம் என்று ஒரு தடவையாவது விட்டார்களா? எடுக்கிற கைக்கு ஒரு நாளும் கோளாறு வந்ததில்லை.

வெளியே வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் மாடக்கண்ணு, விளாத்திகுளம் பக்கம் மிளகாய் விவசாயம். முந்தின நாள் இன்னொரு மருத்துவமனையிலும் ஜெஸ்மி அவரைப் பார்த்திருந்தாள். அவர் பக்கத்தில் அவர் மனைவி இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள். இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறதாம். அவர்களிடம் இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

"என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"ரேகை வைக்கிற மிஷினு ஓடலையாம் தாயி. நேத்துப் போன எடத்துலயும் அதே ரிப்பேருதான். எப்பச் சரியாகும்னு கேட்டேன். போன் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லுதாக." அவர் ஊர் ஊராக மிஷின்கள் கெட்டுப்போவதை உண்மையாகவே நம்பினார். "கரண்டு கூடக்கொறைய வருதுல்லா, அதான் போல."

ஜெஸ்மிக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வாயால் சொன்னால் கப்பல்காரனைக்கூட நம்பாத துறைமுகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். இப்படி நம்புகிறவர்களை வைத்துத்தானே இவர்கள் பிழைக்கிறார்கள் என்று அவர் மேலேயே கோபம் வந்தது. வந்த வேகத்தில் அந்தக் கோபத்துக்காக வெட்கமும் வந்தது.

பட்டியலில் எட்டாவது பெயர் டாக்டர் ஜெயசிங்கின் மருத்துவமனை. அங்கே மட்டும் அப்பா அவளைப் போகவிடவில்லை. ஜெயசிங் அவரிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். இன்றைக்குப் பெரிய இதய நிபுணர். "அவன்கிட்ட போயி அட்டையை நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. நான் வந்து பேசுதேன். ஒரு வார்த்தை போதும்." நாசரேத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. கலெக்டர் ஆபீஸ் ஆனாலும் கரண்டு ஆபீஸ் ஆனாலும், உள்ளே இருக்கிறவன் யாரிடம் படித்தான் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைக் கொஞ்சம் கௌரவக் குறைவாக நினைப்பார்கள்.

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவிலேயே பெரிதாக ஒட்டியிருந்தது: 'அரசு காப்பீடு ஏற்றுக்கொள்ளப்படும்.'

ஜெயசிங் அறையை விட்டு வெளியே ஓடி வந்து, அத்தனை நோயாளிகள் முன்னால் குனிந்து சார் காலைத் தொட்டார். ஐம்பத்திரண்டு வயது, பாதித் தலை நரைத்த மனிதர். "நீங்க எதுக்கு சார் டோக்கன் போட்டு உக்காந்தீங்க? ஒரு போன் போட்டா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே!" உள்ளே காபி வந்தது. நர்சைக் கூப்பிட்டு, "இவங்கதான் என் கணக்கு சார்" என்று காட்டினார். "வெறும் தாளைக் குடுத்தா சார் பீரியடு முழுக்க நிக்க வைப்பாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இன்னைக்கும் ஒரு ஃபாரத்துல ஒரு கட்டத்தைக்கூட நான் வெறுசா விட மாட்டேன் சார்!" அப்பா பொக்கைவாய் தெரியச் சிரித்தார். ஆஞ்சியோ படத்தைப் பார்த்தார் ஜெயசிங். சிரிப்பு நின்றது. சீக்கிரம் செய்துவிட வேண்டும் என்றார்.

"கார்டு கொண்டு வந்திருக்கோம் டாக்டர்" என்றாள் ஜெஸ்மி.

"கார்டெல்லாம் சாருக்கு எதுக்கும்மா? என் பீஸ் ஒரு பைசா வேண்டாம். ஆஸ்பத்திரி பில்லுலயும் பாத்துக் குறைக்கச் சொல்லுதேன். நம்ம சாரைப் போயி ஸ்கீம் வார்டுல போடவா?"

அவள் மறுபடி வாயெடுக்கும்போது அப்பா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

குறைத்தது போக மீதி எவ்வளவு என்று கீழே பில் மேசையில் இருவரும் விசாரித்தார்கள். அப்பாவின் இரண்டு வருஷத்துப் பென்ஷனை வைத்தாலும் எட்டாத தொகை. ஆட்டோவில் திரும்பும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி இருந்தார்.

"என்ன மரியாதை, பாத்தியா பிள்ள! அத்தனை பேரு முன்னால காலைத் தொட்டுட்டான்."

"காலைத் தொட்டா நெஞ்சு சரியாயிருமாப்பா?"

"வீட்டைக் குடுத்துருவோம். நம்ம ஊர் தேவமணி விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். சனிக்கிழமை அட்வான்சோட வரச் சொல்லுதேன்."

நாசரேத்து வீடு. அம்மாவும் அவருமாகச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டியது. ஒரு காபிக்கும் ஒரு கும்பிடுக்கும் அதைத் தூக்கிக் கொடுக்கத் தயாராகிவிட்டார். இல்லை என்று சொல்லித் துரத்தின அந்த ஏழு இடத்தின் மேல் வந்ததைவிட, சிரித்துக்கொண்டே கொடுத்த அந்தக் காபியின் மேல்தான் ஜெஸ்மிக்கு அதிகக் கோபம் வந்தது.

மறுநாள் வேலையிலும் மனம் ஓடவில்லை. துறைமுகத்துக்குச் சரக்கு வந்தால் அதற்கான தாள்களைப் பார்த்து வெளியே எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் அலுவலகம் அது. முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கம்பெனிக்காரன், கண்டெய்னரை இன்றைக்கு விட முடியாது என்று வாயால் சொல்லிவிட்டானாம்.

"வாயால சொன்னா நான் என்னத்தவே செய்ய? விட முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு எழுதிக் குடும். நீரு அடிக்க வேண்டாம், நானே அடிச்சுக் குடுத்தனுப்புதேன். காரணத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடும். பார்ட்டிக்கு நான் பதில் சொல்லணும்லா?"

அந்த அலுவலகத்தில் தினசரி நடக்கிற காரியம். மறுப்பதற்கான கடிதத்தையும் கிளியரிங் ஆட்களே அடித்துக்கொண்டு போய் நீட்டுவார்கள். எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும். பத்தில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள். அன்று சாயங்காலமே கண்டெய்னர் வெளியே வந்துவிடும். ஜெஸ்மியே எத்தனை கடிதம் அப்படி அடித்திருக்கிறாள்! இருபது டன் கந்தகத்துக்குச் செய்ததைப் பெற்ற தகப்பனுக்குச் செய்யத் தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

'எங்கள் மருத்துவமனை அரசு காப்பீட்டுப் பட்டியலில் இதய சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டுள்ளது. கீழ்க்கண்ட நோயாளி உரிய அட்டையுடன் நேரில் வந்தார். அட்டையின் பேரில் அவருக்குச் சிகிச்சை அளிக்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்கிறோம். காரணம்:' அதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு. கீழே நோயாளி பெயர், அட்டை எண், கையெழுத்து, முத்திரை. எல்லாவற்றையும் காலியாக விட்டு இருபது பிரதி எடுத்தாள்.

மத்தியானம் அந்த ஏழாவது மருத்துவமனைக்குப் போனாள். மேசைப் பெண் படித்தாள். இந்தத் தடவை தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் நாங்க குடுக்கறதில்ல" என்றார்.

"சரி, அட்மிஷன் குடுங்க."

"அதான் எடுக்கறதில்லன்னு சொன்னோமே."

"அதைத்தான் எழுதிக் கேக்கேன். வாயால சொல்ல முடியுது, கையால எழுத முடியாதா?"

மேனேஜர் மேலிடத்தில் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து, அவர் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போய்விட்டார் என்று செக்யூரிட்டி சொன்னான். சர்வர் வேலை செய்யவில்லை என்று முன்னே சொன்ன இன்னொரு இடத்தில், தாளைக் கண்டதும் சர்வர் வந்துவிட்டது, ஆனால் பெட் இல்லை என்றார்கள். அதையே எழுதுங்கள் என்றாள். எழுதவில்லை. துறைமுகத்தில் செல்கிற வித்தை இங்கே பாதிதான் சென்றது. கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம் இருந்தது. கதவைத் திறக்கிற அளவுக்குப் பயம் ஒருவருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பா குளியலறைக்குப் போன வழியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தபின் வலி நின்றது. வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "நாளைக்கு தேவமணி வந்துருவான்" என்றார். ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு வரலாம் என்று சொல்லி ஜெஸ்மி அவரை ஜெயசிங்கிடம் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பையில் கடிதங்கள் இருந்தன.

மறுபடியும் கும்பிடு. மறுபடியும் காபி. காபி மேசைக்கு வருவதற்குள், அப்பா பெயரும் அட்டை எண்ணும் எழுதிய கடிதத்தை அவள் டாக்டர் முன்னால் வைத்தாள்.

ஜெயசிங் படித்தார். காதோரம் சிவந்தது.

"என்னம்மா இது? சாருக்கு இது நல்லாவா இருக்கு?"

"சாருக்கு என்ன டாக்டர்? அவரு பணம் கட்டியிருக்காரு, கார்டு வச்சிருக்காரு. நீங்க வாசல்ல ஒட்டியிருக்கீங்க."

"முட்டிக்கும் கண்ணுக்கும் எடுக்கோம். பைபாசுக்கு அவங்க குடுக்கிற ரேட்டு கட்டாதும்மா. அதுவும் வந்து சேர மாசக்கணக்காகுது. உனக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது."

"அதையே காரணத்துல எழுதுங்க."

"எழுதினா லிஸ்ட்டை விட்டு எடுத்துருவாங்க."

"அப்ப லிஸ்ட்லயும் இருப்பீங்க, ஆளையும் எடுக்க மாட்டீங்க. வாசல்ல ஒட்டினது அழகுக்கா?"

"ஜெஸ்மி!" என்றார் அப்பா.

ஜெயசிங் கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் அப்பா பக்கமாகத் தள்ளினார். கோடு காலியாகவே இருந்தது. "சார், நீங்களே சொல்லுங்க. உங்களுக்குக் குறைச்சுத்தானே போடச் சொல்லியிருக்கேன். பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க."

அப்பா சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளை எடுத்து, முதல் வரியில் இருந்து, விரல் வைத்து நிதானமாகப் படித்தார். வீட்டில் பரீட்சைத் தாள் திருத்தும்போது அப்படித்தான் படிப்பார், ஜெஸ்மி எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறாள். கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. கோட்டின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் விரலை ஓட்டினார்.

"ஏலே ஜெயசிங்."

"சார்."

"எந்திரி."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். சாரின் முகத்தில் சிரிப்பு இல்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஜெயசிங் எழுந்து நின்றார். காபித் தட்டோடு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெறும் தாளைக் குடுத்தா நான் என்ன செய்வேன்?"

"நிக்க வைப்பீங்க சார்."

"தெரியலைன்னு எழுதினவனை என்னைக்காவது அடிச்சிருக்கேனா?"

"இல்ல சார்."

"அப்ப எழுது. ரேட்டு கட்டலைன்னா கட்டலைன்னு எழுது. மனசில்லைன்னா மனசில்லைன்னு எழுது. நான் உன்கிட்ட தர்மமா கேட்டேன்? மாசாமாசம் குடுத்தேன்லே. அதைச் சொல்ல விடாம நீ காலைத் தொட்டு, காபியைக் குடுத்து அனுப்பிட்ட. நானும் மடையன், ஊர்ல வீட்டை விக்கப் போனேன். இந்தப் பிள்ளை ஒவ்வொரு வாசல்லயும் நாய்ப்பாடு படுது, நான் அவளைச் சத்தம் போடாதன்னு அடக்கினேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. ஜெஸ்மி தோளைத் தொட்டாள். அவர் கையைத் தட்டிவிட்டார். "உன் மரியாதையை நீயே வச்சிக்க. எனக்கு என் கார்டுக்கு உள்ளது போதும்."

ஜெயசிங் பேனாவை எடுத்தார். கோட்டின் மேல் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது. பிறகு அதை வைத்துவிட்டு இன்டர்காமை எடுத்தார்.

"இன்சூரன்ஸ் டெஸ்க்கா? தேவபிரசாதம்னு ஒரு பேஷன்ட். பென்ஷனர் ஸ்கீம், பைபாஸ். இப்பவே அப்ரூவலுக்குப் போடுங்க. அட்மிஷன் இன்னைக்கே... ஆமா, ஸ்கீம்தான். சொன்னதைச் செய்ங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அந்த லெட்டரை இங்கன குடுத்துரும்மா" என்றார். ஜெஸ்மி அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

ஜெயித்தாயிற்று, சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு அழுகைதான் முட்டியது, அதுவும் கோபத்தில். அப்பா பிழைப்பது காப்பீட்டால் இல்லை, பட்டியலால் இல்லை, பத்து வருஷம் கட்டினதால்கூட இல்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனைப் பெஞ்சில் நிற்க வைத்ததால். அப்படி யாரையும் நிற்க வைக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

கீழே போய், அப்பாவின் அட்டையைக் கொடுத்து, காத்திருந்து அட்மிஷன் தாளை வாங்கினாள். திரும்பினால், இன்சூரன்ஸ் மேசைக்கு எதிர்ப் பெஞ்சில் மாடக்கண்ணு இருந்தார். அவர் மனைவி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இங்கனயும் மிஷினு ஓடலையாம் தாயி" என்றார் அவர். "திங்கக்கிழமை வரச் சொல்லுதாக."

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதே மேசையில் அப்பாவின் அட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். மேசையில் இருந்தவன் ஜெஸ்மியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து எதையோ தேடினான். அவள் கைப்பையில் இருந்து இன்னொரு கடிதத்தை எடுத்து, பெஞ்சில் வைத்து, "உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டு எழுதினாள். அட்டை எண்ணையும் எழுதினாள்.

"எந்திரிங்க. அம்மாவைப் பிடிச்சுக்கோங்க. மாடிக்குப் போவோம், லிப்ட் இருக்கு."

"மிஷினு..."

"மிஷினெல்லாம் நல்லா ஓடுது. வாங்க."

மேலே, டோக்கன் கூப்பிடுகிற பையன் தடுத்தான். ஜெஸ்மி அவனைத் தாண்டிக் கதவைத் திறந்தாள். அப்பா இன்னும் அதே நாற்காலியில், ஆறிப்போன காபிக்கு முன்னால் இருந்தார். அதை அவர் தொடவில்லை. ஜெயசிங் நிமிர்ந்தார். உள்ளே வந்த மூவரையும் பார்த்தார், அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"இவங்க யாரும்மா? இவங்களுக்கும் சாருக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல டாக்டர். இவங்ககிட்டயும் கார்டு இருக்கு."

அவள் தாளை மேசையில் வைத்தாள். அப்பா எட்டி எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, முதல் வரியில் இருந்து விரல் வைத்துப் படித்தார். கோட்டுக்கு வந்தார். அது காலியாக இருந்தது. தாளை ஜெயசிங் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உன்னைய யாருலே உக்காரச் சொன்னா?" என்றார்.